சிறையிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்குக் கோத்தகிரியில் மூன்று நாள் பயிலரங்கு – யோசனை கேட்கிறேன்

கேத்தரின்சாரல் (கோத்தகிரி)
ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருடமாக நானும் இன்னும் சில பேரும் கீழே சமவெளியில் ஒரு சிறைக்குப் போய் வருகிறோம். கைதிகளோடு மூன்று நாள் உட்கார்ந்து, சண்டை வரும் இடத்தில் கை நீட்டாமல் வேறு என்ன செய்யலாம் என்று பழகிப் பார்க்கிற பயிலரங்கு. போதனை கிடையாது, பிரார்த்தனை கிடையாது. வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவோம். எனக்கு எப்போது கோபம் வந்தது, யாரை அடித்தேன், யாரிடம் அடி வாங்கினேன் என்று நானும் சொல்லியாக வேண்டும். வாத்தியாராக 34 வருடம் பிரம்பு பிடித்தவன் நான். முதல் நாள் அதைத்தான் சொன்னேன். எங்களுக்குச் சம்பளம் கிடையாது, பஸ் செலவும் எங்களுடையதே.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1971 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆட்டிக்கா சிறையில் பெரிய கலகம். எல்லாம் அடங்கியபோது கைதிகளும் சிறை ஊழியர்களுமாக 43 பேர் செத்திருந்தார்கள். நாலு வருடம் கழித்து 1975-ல், அதே மாநிலத்தில் கிரீன் ஹேவன் என்ற வேறொரு சிறையின் கைதிகளே முன்வந்து, பக்கத்தில் இருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையினரிடம் உதவி கேட்டார்கள். சின்னப் பையன்கள் தங்கள் வழியிலேயே வருகிறார்கள், அவர்களிடம் பேசத் தங்களைத் தயார் செய்ய வேண்டும் என்று. முதல் பயிலரங்கை நடத்த வந்தவர்களில் ஒருவர் பெர்னார்ட் லஃபாயெட். மார்ட்டின் லூதர் கிங்கோடு வேலை செய்தவர். மாணவனாக இருந்தபோது அவருக்கு அகிம்சை சொல்லிக்கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். அந்த லாசன் 1950-களில் நம் நாகபுரியில் மூன்று வருடம் இருந்து காந்தியின் வழியைக் கற்றுக்கொண்டு போனவர். 1934-ல் காந்தி குன்னூருக்கு வந்ததை எங்கள் தாத்தா கதை கதையாகச் சொல்வார். அவர் பேச்சைக் கேட்க நடந்தே போனாராம். அந்தப் பேச்சின் ஏதோ ஒரு துளி கடல் தாண்டிப் போய், ஒரு சிறைக்குள் புகுந்து, என் கையில் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே எங்களோடு உட்கார்ந்தவர்களில் நாலு பேர் விடுதலையாகி கோத்தகிரி, குன்னூர் பக்கம் வந்துவிட்டார்கள். அதில் ஒருவரை போன மாதம் கோத்தகிரி டானிங்டனில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிட்டே போய்க் கேட்டால், "சார், உங்ககூட நின்னு பேசினா ஊர்ல உங்களைத் தப்பா நினைப்பாங்க" என்றார். உள்ளே இருபது பேர் முன்னால் அழுது சிரித்துப் பேசிய மனிதர் அவர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வந்தவர்களுக்காக இங்கேயே ஒரு பயிலரங்கு நடத்தலாம் என்று நினைக்கிறேன். யாரைக் கூப்பிடுவது, எங்கே வைப்பது, யார் தடுப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குன்னூர்வக்கீல்
ஞாயிறு, இரவு 10:02

நல்ல காரியம் சார். சட்டப்பக்கம் இரண்டு விஷயம் மட்டும்.

வருகிறவர்களில் தண்டனை முடிந்தவர் யார், ஜாமீனில் இருப்பவர் யார் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்திருந்தால் பிணைப் பத்திரத்தில் வெளியே வரலாம். தூக்கு, ஆயுள் வரும் குற்றங்களுக்கு அது கிடையாது. இப்படி வழக்கு நடக்கும்போதே வெளியே இருப்பவர்கள் உங்கள் வட்டத்துக்கும் வரலாம். அவர்கள் வழக்கைப் பற்றி அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. வக்கீலிடம் சொல்வதற்கு உள்ள பாதுகாப்பு உங்களிடம் சொல்வதற்குக் கிடையாது. நாளை உங்களையே சாட்சிக்குக் கூப்பிடலாம்.

இன்னொன்று, நன்னடத்தை அலுவலர் மூலமாக ஆட்களை அனுப்பச் சொல்லாதீர்கள். தகவல் மட்டும் சொல்லுங்கள். அனுப்பி வைத்தால் வந்தவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான்.


பந்தலூர்மழை
திங்கள், காலை 5:48

வாத்தியார் ஐயா, வணக்கம். நான் பந்தலூர் பக்கம். எங்கள் அப்பா 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். டான்டீயில், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. நான் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவன். ஏழு வருடம் உள்ளே இருந்தேன். காரணம் இங்கே வேண்டாம்.

உங்கள் பயிலரங்கு மாதிரி ஒன்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அட்டைத் துண்டு விளையாட்டு. ஐந்து பேர் சுற்றி உட்காரணும். ஆளுக்கொரு கவரில் வெட்டிய அட்டைத் துண்டுகள் இருக்கும். ஐந்து பேருக்கும் ஒரே அளவு சதுரம் வரணும். பேசக் கூடாது, கையைக் காட்டக் கூடாது, அடுத்தவன் துண்டை எடுக்கக் கூடாது. கொடுக்க மட்டும்தான் முடியும்.

என் சதுரம் ரெண்டு நிமிஷத்தில் சேர்ந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற நாலு பேரும் திணறுகிறார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. கால் மணி நேரம் ஆகியும் அவர்களுக்குச் சேரவில்லை. எதிரில் ஒரு பெரியவர், ஆயுள் கைதி, என் சதுரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம்தான் புரிந்தது. அவருக்கு வேண்டிய துண்டு என் சதுரத்துக்குள் இருக்கிறது. நான் முடித்ததைக் கலைத்தால்தான் அவர்களுக்கு முடியும். கலைக்க மனசே வரவில்லை ஐயா. வெறும் அட்டை. ஆனாலும் கை போகவில்லை. கடைசியில் கலைத்துக் கொடுத்தேன். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அண்ணன் தம்பி நிலத் தகராறில்தான் நான் உள்ளே போனேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்களை மட்டும் கூப்பிட்டால் யாரும் வர மாட்டோம். ஒரு ஹாலில் எங்களை மட்டும் உட்கார வைத்தால் மறுநாளே அது ஜெயில்காரன் கூட்டம் ஆகிவிடும். கடைத்தெருவில் நிற்க முடியாது. உள்ளே எல்லோரும் கைதி. அங்கே வெட்கம் இல்லை. வெளியே அப்படி இல்லையே.


நடுவட்டம்77
திங்கள், காலை 8:15

ஒரு பழைய சங்கதி, உதவுமா பாருங்கள். எங்கள் ஊர் டான்டீ தொழிற்சாலை பக்கத்தில் பழைய சிறைக் கட்டிடம் இருக்கிறதே, இப்போது காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சீனக் கைதிகளை மலாக்கா, சிங்கப்பூர் பக்கமிருந்து கொண்டுவந்து இங்கே அடைத்து, மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரம் நட வைத்தார்கள். தண்டனை முடிந்த பிறகு அவர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறி போட்டு, கொஞ்சம் காப்பி வைத்து, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன் இதை 1909-ல் எழுதி வைத்திருக்கிறார்.

மொழி தெரியாத வெளிநாட்டுக் கைதிகளையே ஏற்றுக்கொண்ட மலை இது. நம் பக்கத்து வீட்டுப் பையனை ஏற்றுக்கொள்ள மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?


மஞ்சூர்அக்கா
திங்கள், மதியம் 1:30

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

என் தம்பியைக் குத்திக் கொன்றவன் வெளியே வந்து எட்டு மாதம் ஆகிறது. டாஸ்மாக் வாசலில் வாய்ச்சண்டை, அவ்வளவுதான். தம்பிக்கு வயது 26. கொன்றவன் இப்போது எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். நான் 20 வருடமாகக் காலை ஆறு மணிக்கு அந்தக் கடையில் பால் வாங்குகிறேன். இப்போது வாங்குவதில்லை.

அவனுக்கு உள்ளே பயிலரங்கு நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நடந்திருக்கலாம், வட்டமாக உட்கார்ந்து அழுதிருக்கலாம். இப்போது வெளியே வந்தும் அவனுக்கே ஒரு பயிலரங்கு. எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள்? அம்மா சாப்பிடுகிறாளா என்று யார் கேட்டார்கள்? சார், நீங்கள் நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். ஆனால் சீனக்காரன் கதையெல்லாம் சொல்லி எங்களைக் கல்நெஞ்சுக்காரர்கள் ஆக்காதீர்கள்.


நடுவட்டம்77
திங்கள், மதியம் 2:05

அக்கா, மன்னித்துவிடுங்கள். உங்களை மாதிரி ஒருவர் படிப்பார் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன்.


கேத்தரின்சாரல் (கோத்தகிரி)
திங்கள், மாலை 6:40

அம்மா, நீங்கள் எழுதியதை நாலு தரம் படித்தேன். நீங்கள் கேட்டது நியாயம். ஆறு வருடமாக நான் சிறை வாசலைத்தான் பார்த்தேன், உங்கள் வீட்டு வாசலைப் பார்க்கவில்லை. இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். இந்தப் பயிலரங்கு மன்னிப்பு வாங்கிக் கொடுக்கிற இடம் இல்லை. யாரையும் யாரோடும் சமாதானம் செய்து வைக்கிற பஞ்சாயத்தும் இல்லை. செய்த குற்றத்தைக் குறைத்துப் பேசுவதும் கிடையாது. அடுத்த முறை டாஸ்மாக் வாசலில் வாய்ச்சண்டை வந்தால் ஒருவன் கத்தியைத் தேடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை நிற்க வைத்து, தண்ணீர்க் குழாய்ச் சண்டை, பஸ்ஸில் இடித்த சண்டை என்று நடித்துப் பார்க்கச் சொல்வோம். பாதியில் நிறுத்தி, இப்போது உன் கை எங்கே இருக்கிறது என்று கேட்போம். முக்கால்வாசிப் பேருக்குக் கை ஏற்கெனவே மூடியிருக்கும், அவர்களுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வைக்கத்தான் மூன்று நாள்.

இது உங்கள் தம்பிக்கு உதவாது. எனக்குத் தெரியும்.


பழையவார்டர்
திங்கள், இரவு 9:25

நான் 31 வருடம் சிறைத்துறையில் இருந்தவன், கடைசியாகக் கோவை. இப்போது அரவேணுவில் மகள் வீட்டில். பதில் போடும் பழக்கம் இல்லை, இதற்குப் போடத் தோன்றியது.

வ.உ.சி. செக்கிழுத்த சிறை அது. அந்தச் செக்கைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் நிற்கிற கைதியை அவர்கள் யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. எண்ணிக்கை சரியா என்று மட்டும் பார்ப்பேன்.

அதற்கு முன்னால் வேறொரு சிறையில் இருந்தபோதுதான் தன்னார்வலர்கள் இந்த மாதிரிப் பயிலரங்கு நடத்த வந்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய ஆட்கள் நாற்காலியைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடினார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெயருக்கு முன்னால் ஒரு நல்ல சொல் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று நாளும் அந்தப் பெயரில்தான் கூப்பிட வேண்டும். 'பொறுமை' என்று ஒருவன் வைத்துக்கொண்டான். பிளாக்கில் அவனைவிட முரடன் கிடையாது. நான் மனதுக்குள் திட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, குளிக்கிற தொட்டியில் தண்ணீர் வரவில்லை. கோடைக்காலம். ஒரு வாளிக்கு இரண்டு பேர் கட்டிப்புரள ஆரம்பித்துவிட்டார்கள். வழக்கமாக நாங்கள் லத்தியோடு ஓடுவோம், நாலு மண்டை உடையும். அன்று நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் இந்த 'பொறுமை' நடுவில் போய் நின்றுவிட்டான். கையை ஓங்கவில்லை. இருவரில் ஒருவனைப் பெயர் சொல்லி, உனக்கு என்ன வேணும் என்று கேட்டான். திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டான். கடைசியில் அவன், அன்று மனு போட்டுத் தன்னைப் பார்க்க அம்மா வருகிறாள், குளிக்காமல் போய் நிற்க மாட்டேன் என்றான். எதிரில் நின்றவன் வாளியை விட்டுவிட்டான்.

சர்வீஸ் முழுக்க அந்தக் கேள்வியை நான் ஒரு கைதியிடம் கேட்டதில்லை.

மஞ்சூர் அம்மா, உங்கள் துக்கத்துக்குப் பதிலாக இதைச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன்.


கூடலூர்கொழுந்து
செவ்வாய், காலை 7:10

நான் சிறையில் இருந்த வீட்டுக்காரரை மனு போட்டுப் பார்த்தவள். நாலு வருடம். முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் என்று இறங்கிக் கோவை போய்ச் சேர மதியம் ஆகிவிடும். மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு டவுன் பஸ். கொண்டை ஊசி வளைவில் பிள்ளை வாந்தி எடுக்கும், மாற்றுத் துணி இரண்டு எடுத்துப் போவேன். பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம். அதிலும் சத்தத்தில் பாதி காதில் விழாது. பார்த்துவிட்டுத் திரும்பி வீடு வர ராத்திரி. அன்றைய கூலி போச்சு.

இப்போது அவர் வீட்டில் இருக்கிறார். அடிப்பதில்லை. முன்பு அடிப்பார். உள்ளே என்ன சொல்லிக்கொடுத்தார்களோ, கோபம் வந்தால் எழுந்து போய் விறகு பிளக்கிறார். நான் சந்தோஷப்படணும். ஆனால் எனக்குள்ளே பயம் போகவில்லை. அவர் எழுந்து நின்றாலே என் தோள் தானாகக் குறுகிக்கொள்கிறது. அவர் மாறிவிட்டார், நான் மாறவில்லை. எனக்கு யாரும் மூன்று நாள் தரவில்லையே.

சார், நடத்துவதானால் வீட்டுப் பெண்களுக்கும் நடத்துங்கள். அவரோடு சேர்த்து வேண்டாம், தனியாக. தேயிலைக் கொழுந்து சீசனில் வைக்காதீர்கள். தொடர்ந்து மூன்று நாள் கூலி விட்டு யாரும் வர முடியாது.


குன்னூர்வக்கீல்
செவ்வாய், காலை 9:30

கூடலூர் அக்கா சொன்னது முக்கியம். கணவன் மனைவியை ஒரே வட்டத்தில் உட்கார வைக்கவே கூடாது, குறிப்பாக அடி நடந்த வீட்டில். பாதிக்கப்பட்ட குடும்பமும் செய்தவரும் ஒரே அறையில் இருப்பதும் கூடாது. அது வேறு வேலை. அதற்கு வேறு பயிற்சியும் நீண்ட தயாரிப்பும் வேண்டும். நல்ல எண்ணத்தில் அதைச் செய்யப்போய்ப் புண்ணைக் கிளறிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.


கேத்தரின்சாரல் (கோத்தகிரி)
செவ்வாய், இரவு 8:50

எல்லோருக்கும் நன்றி. என் யோசனை பாதி தப்பு என்று தெரிந்துகொண்டேன்.

பந்தலூர் தம்பி சொன்னது சரி. சிறையிலிருந்து வந்தவர்களுக்கு என்று வைக்கப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று வைக்கிறோம். ஆட்டோ ஓட்டுகிறவர், இலை ஃபேக்டரி சூப்பர்வைசர், என்னை மாதிரி பிரம்பு பிடித்த வாத்தியார் என்று எல்லோரும். உள்ளே போய் வந்தவர் யார் என்று கேட்கவும் மாட்டோம், சொல்லவும் வேண்டாம். இதில் முதலிலிருந்தே இரண்டு விதி உண்டு. வட்டத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, பேச விருப்பம் இல்லையென்றால் 'அடுத்தவர்' என்று சொல்லிவிடலாம். அந்த இரண்டையும் வெளியே இன்னும் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

தொடர்ந்து மூன்று நாள் உட்கார்ந்தால்தான் இது சரியாக வரும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்வார்கள். முதல் நாள் விறைப்பாக இருப்பவன் மூன்றாம் நாள்தான் வாயைத் திறப்பான். அதனால் ஞாயிறு ஞாயிறாகப் பிரிக்க எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் கூலி விட்டு வர முடியாதவரைக் கூப்பிடாமல் நடத்துவதைவிட, மூன்று ஞாயிறு முழு நாளாக நடத்திப் பார்க்கலாம். ஜனவரியில் கொழுந்து குறைவு, அப்போது வைக்கலாம். மதியச் சாப்பாடு நம் பொறுப்பு.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. அதை நடத்தப் பெண்கள்தான் வேண்டும். எங்கள் குழுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள், கேட்கிறேன். கூடலூர் அம்மா, நீங்கள் பங்கெடுப்பவராக மட்டும் இல்லாமல், பிறகு நடத்துபவராகவும் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. இப்போதே பதில் சொல்ல வேண்டாம். உள்ளேயும் அப்படித்தான், உட்கார்ந்தவர்களே பயிற்சி பெற்று அடுத்த வட்டத்தை நடத்துவார்கள். எனக்குத் தெரிந்த நல்ல பயிற்சியாளர்கள் எல்லோரும் கைதிகள்தான்.

பந்தலூர் தம்பி, என்னோடு சேர்ந்து முதல் வட்டத்தை நடத்த வருவாயா? நீ உள்ளே இருந்தவன் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம்.


பந்தலூர்மழை
புதன், காலை 5:30

வருகிறேன் ஐயா. அட்டையை நானே வெட்டி எடுத்து வருகிறேன். அளவு ஞாபகம் இருக்கிறது.


பழையவார்டர்
புதன், காலை 6:15

நானும் வரலாமா? நடத்த இல்லை. உட்கார.


கேத்தரின்சாரல் (கோத்தகிரி)
புதன், காலை 7:00

கட்டாயம் வாருங்கள் ஐயா.

மஞ்சூர் அம்மா, நீங்கள் படிக்கிறீர்களா தெரியவில்லை. உங்களை எதற்கும் அழைக்கவில்லை. வார்டர் ஐயா எழுதிய அந்தக் கேள்வியை மட்டும் உங்களிடம் கேட்கத் தோன்றியது. உங்களுக்கு என்ன வேண்டும்? பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.


மஞ்சூர்அக்கா
வியாழன், இரவு 10:40

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் வர மாட்டேன். அவனோடு பேசவும் மாட்டேன். அவன் மாறினானா இல்லையா என்று தெரிந்துகொள்ளவும் எனக்கு விருப்பம் இல்லை.

நேற்று முழுக்க யோசித்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. காலை ஆறு மணிக்கு அந்தக் கடையில் அவன் இருக்கக் கூடாது. ஏழு மணிக்கு வரட்டும், எட்டுக்கு வரட்டும். ஆறு மணி எனக்கு வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கடைப் பால்தான் பிடிக்கும்.


குன்னூர்வக்கீல்
வியாழன், இரவு 11:05

அக்கா, இது ரொம்ப நியாயமான கேட்பு. உங்கள் பெயர் வராமல் ஊர்ப் பெரியவர் யாராவது அவரிடம் சொல்லலாம். வேண்டுமானால் நன்னடத்தை அலுவலர் மூலமாகவும் சொல்ல வைக்க முடியும். எது வசதி என்று சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.


மஞ்சூர்அக்கா
வெள்ளி, காலை 6:20

வேண்டாம் தம்பி. ஊர்ப் பெரியவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். என் பெயரிலேயே சொல்லட்டும்.